ஸ்பின்டில் ஆயில்

உங்க செல்லுல இப்ப ஒரு சிவப்புக் காரு ஓடுச்சில்லீங்க அம்மிணி? எட்டிப் பாக்கலீங்க, தானா கண்ணுல பட்டுது. மெட்ராசு ரயில்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு வேற எங்கீங்க பாக்கறது? அதே மாதிரி ஒண்ணு எங்க வீட்டு போர்ட்டிகோவுல நிக்குதுங்க. நிக்குதுன்னுதான் சொன்னேன். ஓடுதுன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும்.

ஸ்போர்ட்ஸ் காராமா. ரெண்டே சீட்டு. குடும்பத்தோட ஏற முடியாது, ஒரு மூட்டை அரிசி ஏத்த முடியாது. உக்காந்தா முட்டி நெஞ்சுல வந்து இடிக்கும். எந்திரிக்கணும்னா வெளிய நின்னு ஒருத்தர் கையப் புடிச்சு இழுக்கோணும். தரையில இருந்து ஒரு சாண் ஒசரம். எங்க வீதி வேகத்தடையில ஏறினா வயித்தைத் தேச்சுட்டுப் போகுது, சினை எருமை மாதிரி. அதுவும் புதுசுங்களா? யாரோ ஓட்டிச் சலிச்சுப்போயித் தள்ளிவிட்டது. இதை ஒரு மனுசன் ஆசைப்பட்டு வாங்குவாருங்களா? எங்க மாப்பிள்ளை வாங்கினாரு.

மாப்பிள்ளை பேரு பிரகதீஷ். கம்ப்யூட்டர்ல சோலி. எங்களுக்கு ஒரே பொண்ணு, சிந்துஜா. கல்யாணமாகி எங்க வீட்டு மாடியிலயே இருக்காங்க. வீட்டோட மாப்பிள்ளைன்னு மட்டும் சொல்லிராதீங்க. அவருக்குக் கோவம் வராது. அவருக்கு எதுக்குமே வராது. எம்பொண்ணுக்கு வந்துரும்.

நானுங்களா? நூல் மில்லுல, அதை மூடற வரைக்கும், மெயின்டெனன்ஸ் ஃபோர்மேனா இருந்தவனுங்க. அய்யாசாமி கை வெச்சா செத்த மெசினும் எந்திரிச்சு ஓடும்னு எங்க மேனேஜரே சொல்லுவாரு. அவரு போயிட்டாருங்க, இருந்தா நீங்களே கேட்டுக்கலாம். அப்பேர்ப்பட்ட ஆளு கீழ் வீட்டுல சும்மா உக்காந்திருக்கேன். மாடியில இருக்கறவரு ஒரு ஸ்க்ரூ கழட்டறதுன்னாலும் செல்லைக் கேக்கறாரு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் தொப்பி போட்டுட்டு அதுல பேசறான். அவன் கழட்டறான், இவரு கழட்டறாரு. அவன் நிறுத்தினா இவரும் நிறுத்தறாரு. 'மாமா, இது எப்படீங்க?'ன்னு ஒரு வார்த்தை? வாயே வராது.

சரி, கேக்காட்டிப் போகுது. நம்ம வீட்டு வண்டிதானேன்னு நானாவே ஒரு நல்லது பண்ணினேன். அதுதான் தப்பாப் போச்சுங்க. இந்தக் காலத்துல நல்லது பண்ணவே கூடாது.

ஒரு நா பானெட்டைத் தூக்கிவெச்சுட்டு, ஆபீஸ் மீட்டிங்னு அவசரமா மாடிக்குப் போயிட்டாரு. நான் சும்மா போயி நின்னு பாத்தேன். உள்ள ஒரு சின்ன டப்பா. கிளச்சுக்கு உண்டானது. அதுல கோடு போட்டிருக்குது, எண்ணெய் கோட்டுக்குக் கீழ கிடக்குது. மெசின் வெச்சிருக்கறவனுக்கு எண்ணெய் பாக்கத் தெரிய வேண்டாமுங்களா? மில்லுல எவனாவது இப்படி விட்டிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

எங்கிட்ட ஸ்பின்டில் ஆயில் இருக்குதுங்க. மில்லுல நூல் சுத்தற கதிருக்கு ஊத்தற எண்ணெய். தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், ஒரு வாசம் கிடையாது. மில்லு மூடறப்ப ஒரு கேன் எடுத்துட்டு வந்தேன். களவு இல்லீங்க, குடுத்தாங்க. அதைக் கதவுக் கீலுக்கு ஊத்துவேன், தையல் மெசினுக்கு ஊத்துவேன், கிரைண்டருக்கு ஊத்துவேன். ஒருக்கா வீட்டுக்காரிக்கு முட்டி வலிக்குதுன்னு தேச்சுக்கூட விட்டேன். ஒண்ணுமே ஆகலையே! அதுல கொஞ்சம் எடுத்துப் பக்குவமா ஊத்தி, மூடிய இறுக்கித் தொடச்சும் வெச்சுட்டு வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. உதவி பண்ணிட்டு தண்டோரா போடற பழக்கம் எங்கிட்டக் கிடையாது.

அப்பறம் கொஞ்ச நா ஓடுச்சுங்க. ஒரு நா காலைல, இவரு கிளச்சை மிதிச்சா மிதிச்சபடியே தரையோட ஒட்டிக்கிச்சு. மேல வரமாட்டேங்குது. கியரு விழல. வாசல்லயே நின்னுபோச்சு. பாருங்க, எப்பேர்ப்பட்ட வண்டின்னு! நான் ஊத்தின நல்ல எண்ணெயக் கூட வெச்சு ஓட வக்கில்லை.

மெக்கானிக்கைக் கூப்புடலாம்னேன். 'வேண்டாங்க மாமா, உள்ள ரப்பர் போயிருக்கும். மேல ஒரு சிலிண்டர், கீழ ஒரு சிலிண்டர், ரெண்டுலயும் ரப்பர் மாத்தணும், அவ்வளவுதான். நானே வீட்டுல பண்ணிக்கறேன்'னாரு. அவ்வளவுதானாமா! முப்பது வருசம் சிலிண்டரோடயே குடித்தனம் பண்ணினவன் பக்கத்துல நிக்கறேன். எங்கிட்டயே சொல்றாரு, அவ்வளவுதான்னு.

ஞாயித்துக்கிழமை வேலை ஆரம்பிச்சாரு. அந்தக் காட்சிய நீங்க பாத்திருக்கோணும் அம்மிணி. மேல் சிலிண்டரு பெடலுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சிருக்குது. அதைக் கழட்டத் தலைய உள்ள விட்டு, முதுகை சீட்டுல போட்டு, காலு ரெண்டையும் சீட்டுக்கு மேல தூக்கி, வவ்வாலு மாதிரி தொங்கறாரு. எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு டீச்சரம்மா இருக்காங்க. அவங்க கோலம் போட வந்தவங்க கோலத்தைப் பாதியில விட்டுட்டு நின்னு பாக்கறாங்க. 'மாப்பிள்ளைக்கு உடம்பு முடியலீங்களா?'ன்னு கேக்கறாங்க.

உள்ள ஒரு வளையக் கம்பி இருக்குமுங்க, பிஸ்டன் வெளிய வராமப் புடிச்சிருக்கறது. அதை நெம்பினாரு. எகிறிப்போச்சு. போர்ட்டிகோ பூராவும் மாப்பிள்ளையும் பொண்ணும் முட்டி போட்டுத் தேடறாங்க. பூந்தொட்டியெல்லாம் நகத்தியாச்சு. கடைசியில என் செருப்புக்குள்ள கிடந்துது. இதுக்கு ரெண்டு பேரும் ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சுட்டு சிரிக்கறாங்க. வேலை செய்யற எடத்துல சிரிப்பு என்னத்துக்கு? எனக்கு எரிச்சலாத்தான் இருந்துது.

அப்பறம் கீழ் சிலிண்டரு. பிஸ்டன் வரமாட்டேங்குது. சைக்கிள் பம்ப்பை வெச்சுக் காத்து அடிச்சாரு. 'டப்'புனு வந்துது. அதுல இருந்த ரப்பரை எடுத்துக் கையில வெச்சுப் பாக்கறாரு, பாக்கறாரு, பாத்துட்டே இருக்கறாரு. வெரல் நுனி அளவுதான் இருக்கோணுமாம். உளுந்துவடைக்கு ஊறின பருப்பாட்டம் உப்பிக் கிடக்குது. மேல இருந்து எடுத்ததும் அப்படித்தான். சின்ன டப்பாவுல இருந்த எண்ணெய ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெயில்ல வெச்சாரு. கொஞ்ச நேரத்துல ரெண்டாப் பிரிஞ்சு நின்னுதுங்க. கீழ பழுப்பா ஒண்ணு. மேல தெளிவா ஒண்ணு.

'மாமா, இதுல ரெண்டு எண்ணெய் இருக்குதுங்க. ஆகாத எண்ணெய் எதையோ யாரோ ஊத்தியிருக்காங்க. அதுலதான் ரப்பர் ஊதிப்போச்சு. நீங்க ஏதாவது...?'

அந்தக் கேள்வியப் பாத்தீங்களா? நேரா கேக்கறதும் இல்லை. 'நீங்க ஏதாவது'ன்னு ஒரு இழுவை. களவாணியப் புடிச்ச போலீஸ்காரன் மாதிரி. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. 'உங்க வண்டிய நான் எதுக்குங்க தொடறேன்?'னு கேட்டேன். பொய் இல்லீங்க அம்மிணி. வண்டிய நான் தொடவே இல்லை. டப்பாவத்தான் தொட்டேன்.

அவரு உடனே, 'தப்பா எடுத்துக்காதீங்க மாமா'ன்னுட்டாரு. எம்பொண்ணுதான் விடல. 'பிரேக் எண்ணெயும் அதே மாதிரிதானே? அதுலயும் எவனாவது ஊத்தியிருந்தா? அதையும் ஒருக்காப் பிரிச்சுப் பாத்துருங்க'ன்னுச்சு. இவரு பிரேக்கு டப்பா மூடியத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தாரு. உள்ள ஒரு வலை மறைக்குது, என்ன தெரியும்? 'பாக்க சரியாத்தான் இருக்குது. நம்ம வீட்டுல யாரும் தொடலைன்னு மாமாவே சொல்லிட்டாரு. வித்தவன்தான் கிளச்சுல கைய வெச்சிருப்பான்'னு மூடிட்டாரு. நானும், 'ஆமாங்க, வித்தவன் அயோக்கியனாத்தான் இருப்பான், மூஞ்சியே சரியில்லை'ன்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒட்டுக்கா அவனைக் கொஞ்ச நேரம் திட்டினோம். அன்னைக்குத்தான் மாப்பிள்ளையும் நானும் ஒரு விசயத்துல ஒத்துப்போனது.

இதுல இன்னொரு கூத்துங்க. புதுசா ஊத்தறதுக்குன்னு ஒரு எண்ணெய் வாங்கியாந்தாரு. அதுல ஒரு சொட்டு எங்க கேட்டு மேல பட்டுருச்சு. மறுநா பாத்தா அந்த எடத்துல பெயின்ட்டு தோல் உரிஞ்சு தொங்குது! பெயின்ட்டையே உரிக்கற எண்ணெய் நல்ல எண்ணெயாம். கைக்குழந்தைக்குத் தேச்சு ஊத்தலாம்ங்கற மாதிரி இருக்கற என் எண்ணெய் ஆகாத எண்ணெயாம். இதை எந்தப் படிப்புல சொல்லித் தர்றாங்கன்னு எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க.

புது ரப்பரு வந்துது. மாட்டினாரு. மாட்டினதும் வேலை முடியல. குழாய்க்குள்ள காத்து இருக்குமாம், அதை வெளிய எடுக்கோணும். அதுக்கு ஒருத்தரு பெடலை மிதிக்கோணும், ஒருத்தரு வண்டிக்கடியில படுத்துட்டு ஒரு நட்டைத் தொறந்து மூடோணும். எம்பொண்ணு ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிருந்துது. அது பிசியோதெரபி பாக்குதுங்க. வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிட்டா. மாப்பிள்ளை தலையச் சொறிஞ்சுட்டே வந்து நிக்கறாரு.

'மாமா, ஒரு உதவிங்க.'

பாத்தீங்களா? கடைசியில யாருகிட்ட வந்தாகணும்? அந்த வெள்ளைக்காரனைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேக்க வந்தேன். கேக்கலை. போயி உக்காந்தேன். உக்காந்தனுங்களா, விழுந்தனுங்களா, தெரியல. அவரு கீழ படுத்துட்டாரு. எனக்கு ஆளே தெரியல, குரலு மட்டும் வருது.

'அழுத்துங்க மாமா.' அழுத்தினேன். 'அப்படியே புடிங்க.' புடிச்சேன். கீழ 'புஸ்'ஸுனு ஒரு சத்தம். 'விடுங்க.' பெடலு தானா வராது, காலைக் கொக்கியாட்டம் மாட்டி மேல இழுக்கோணும். மறுபடியும் 'அழுத்துங்க.' ஒரு ஆளு கையும் ஒரு ஆளு காலும் ஒரே மெசின் ஆன மாதிரி. கொஞ்ச நேரத்துல அவரு சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு எப்ப அழுத்தணும், எப்ப விடணும்னு. 'மாமா, நீங்க சொல்லுங்க, நான் தொறக்கறேன்'னாரு. அப்பறம் நான்தான் சொன்னேன். 'தொற!' 'மூடு!' மாப்பிள்ளைய ஒருமையில பேசக் கூடாதுங்க, அன்னைக்கு வந்துருச்சு. அவரும் அதுக்குத் தகுந்தாப்புலயே தொறந்து மூடினாரு. பெடலு மெல்ல மெல்லக் கெட்டியாகி வந்துது. காலுக்கடியில உயிர் வர்ற மாதிரி இருந்துதுங்க. மில்லை மூடினதுக்கப்பறம் என் காலுக்கடியில எதுக்கும் உயிர் வந்ததில்லை.

அவரு வெளிய வந்து, மூஞ்சியெல்லாம் கரியோட, 'நீங்க இல்லைன்னா இன்னைக்கு முடிஞ்சிருக்காதுங்க மாமா'ன்னாரு. அந்தப் பேச்சுக்கெல்லாம் ஒண்ணும் குறைச்சலில்லை. எனக்குக் காலு வலி வந்ததுதான் மிச்சம். ரெண்டு நா நொண்டினேன்.

என்னமோ கேக்க வர்றீங்க. அப்பவே சொல்லியிருக்கலாமேன்னுதானே? என்னத்தைச் சொல்றது? சந்தோசமா இருக்கற மனுசன்கிட்ட போயி எதுக்குன்னு விட்டுட்டேன்.

சாயங்காலம் பொண்ணு வந்துது. மூஞ்சி கழுவி, வேற சுடிதார் மாத்திட்டு, 'அப்பா, மருதமலை அடிவாரம் வரைக்கும் போயி ஒரு எளநி குடிச்சுட்டு வர்றோம்'னுச்சு. மாப்பிள்ளை வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. கியரு வெண்ணெயாட்டம் விழுந்துது. நான்தான் கேட்டைத் தொறந்துவிட்டேன். பொண்ணு அந்தப் பக்கமாப் போயி, குனிஞ்சு, உள்ள உக்காந்து, பெல்ட்டை இழுத்து மாட்டுச்சு. அந்த 'க்ளிக்'குனு ஒரு சத்தம்.

அம்மிணி, நான் எப்படிப் போனேன்னே தெரியல. வண்டிக்கு முன்னாடி போயி ரெண்டு கையையும் பானெட்டு மேல வெச்சு நின்னுட்டேன்.

'சிந்து, எறங்கு.'

'என்னாச்சுப்பா?'

'எறங்குன்னா எறங்கு! பெரிய டப்பாவுலயும் ஊத்தியிருக்கேன்.'

ஆமாங்க. அது உங்ககிட்டச் சொல்லலை. மறந்துட்டேன். மறந்துட்டனோ என்னமோ, விடுங்க. அன்னைக்குச் சின்ன டப்பாவுக்குப் பக்கத்துல பெரிய டப்பாவும் ஒரு விரக்கடை குறைஞ்சுதான் இருந்துது. பிரேக்கு டப்பா. ஒண்ணுக்கு ஊத்திட்டு ஒண்ணை விட்டா நல்லாவா இருக்கும்? அதுலயும் கொஞ்சம் ஊத்தினேன். கொஞ்சந்தானுங்க.

மாப்பிள்ளை இன்ஜினை ஆப் பண்ணினாரு. எறங்கினாரு. இப்பப் புடிச்சு நாலு கேள்வி கேப்பாருன்னு நான் தயாரா நின்னேன். கேட்டிருந்தா நானும் கேட்டிருப்பேன். பானெட்டைத் தொறந்து போட்டுட்டுப் போனது யாரு? எண்ணெய் குறையற வரைக்கும் பாக்காம இருந்தது யாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காதது யாரு? எல்லாத்தையும் வரிசையா வெச்சிருந்தேன். அந்த மனுசன் வண்டிச் சாவியப் பையில போட்டாரு. அப்பறம், 'சரிங்க மாமா. சொன்னீங்களே, அது போதும்'னாரு. சட்டையக் கழட்டிப் போட்டுட்டு மறுபடியும் ஜாக்கிய எடுத்துட்டு வந்துட்டாரு.

சரிங்க மாமாவாம்! எங்கப்பன் எங்களை வேப்பங்குச்சியில அடிப்பாரு. அது ஒரு மருவாதை. இப்படி ஒரு சொல் சொல்லாம ஒரு மனுசனை நிக்க வெக்கறது எந்த ஊரு நியாயமுங்க?

பிரேக்கையும் பிரிச்சாரு. பிரேக்கு சிலிண்டர்லயும் ரப்பரு உப்ப ஆரம்பிச்சிருந்துது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா, மிதிச்சா மிதிச்சபடியே சக்கரத்தைக் கவ்விக்குமாம், இல்லைன்னா புடிக்கவே புடிக்காதாம். அவரு சொல்றாரு. செல்லு சொன்னதை அவரு சொல்றாரு. எனக்கென்ன தெரியும்.

அந்த ரப்பரு கோயமுத்தூர்ல எங்கயும் கிடைக்கலை. வெளிநாட்டுல இருந்து வரணுமாம், நாளாகுமாம். வண்டி நாலு ஸ்டேண்டு மேல, சக்கரம் இல்லாம நிக்குது. காலைல கதவைத் தொறந்தா அதுதான். பேப்பர் எடுக்கப் போனா அதுதான். எனக்குப் பாக்கவே புடிக்கலீங்க. அதுதான், மெட்ராசுல பழைய வண்டிக்குச் சாமான் விக்கற வீதி இருக்குதுன்னாங்க, நானே போயித் தேடலாம்னு கிளம்பிட்டேன். யாரும் போகச் சொல்லலை. வீட்டுல, கூட வேலை பாத்தவன் வீட்டுக் கிரகப்பிரவேசம்னு சொல்லியிருக்கேன். பழைய ரப்பரைக் காயிதத்துல மடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், அளவுக்கு. கிடைக்கலைன்னா அக்கட்டால போகுது. எனக்கென்ன, அந்த வண்டியில நான் ஏறப்போறனுங்களா?

இதெல்லாம் பெரிசில்லீங்க. எம்பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. அதுதான் ஒரே வெசனம்.

அன்னைக்கு எறங்கி நின்னுச்சுல்ல. அழுகலை, கத்தலை. ஆஸ்பத்திரியில நோயாளிகிட்டப் பேசற மாதிரி மெதுவாக் கேட்டுச்சு. 'ஏப்பா, நான் ஏறலைன்னா... அவரு மட்டும் போயிருந்தா... சொல்லியிருக்க மாட்டீங்கதானே?'

பெத்த அப்பன்கிட்டக் கேக்கற கேள்வியாங்க இது? 'கேட்டைச் சாத்து, மாடு வந்துரும்'னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அன்னையிலிருந்து 'சாப்பிட வாங்க'ங்கறதுக்கு மேல எங்கிட்ட ஒரு பேச்சு இல்லை. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, பதில் வரலைன்னதும் அதையே பதிலா வெச்சுக்கறது. என்ன பொண்ணுங்க.

ஏனுங்க அம்மிணி, அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் அதையேதான் கேக்கறீங்களா?

சொல்லியிருப்பனுங்க. அவரு மட்டும் ஏறியிருந்தாலும் சொல்லியிருப்பேன். வண்டி கேட்டைத் தாண்டறதுக்குள்ள கட்டாயம் சொல்லியிருப்பேன். இல்லைன்னாலும் பின்னாடியே ஓடிப் போயாவது...

ஓடிப் போயிருக்க முடியாதுங்க. எங்க கேட்டைத் தாண்டினா, பஸ்ஸு போற ரோட்டுல போயி முட்டற வரைக்கும் ஒரே எறக்கம்.